பன்னிரண்டு மணிக்குள் பள்ளிபாளையம்

புதன்கிழமை காலை 9.05. எமகண்டம் முடிந்ததும் பனமரத்துப்பட்டியிலிருந்து கிளம்பினோம். பள்ளிபாளையம் அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர். பன்னிரண்டுக்கு ராகுகாலம் பிறக்கும். அதற்குள் அண்ணனின் சாம்பலைக் காவிரியில் கரைக்க வேண்டும். மஞ்சள் துணியில் கட்டிய கலயம் அப்பாவின் மடியில் இருந்தது. கார் அண்ணனுடையது. அவன் போன பிறகு வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவள் நான் மட்டும்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

9.25, மல்லூர். பெரிய ரோட்டைக் கடக்க நாலு நிமிடம் ஆனது. 9.50, ஆட்டையாம்பட்டி. முறுக்குக் கடைகள் திறந்திருந்தன. நிறுத்தவில்லை.

10.10, மல்லசமுத்திரம். அப்பா முந்தின நாளிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. டீயாவது குடிக்கட்டும் என்று ஒரு கடையோரம் நிறுத்தினேன். டீ பதினைந்து ரூபாய். அப்பா பாதி குடித்தார். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஏழெட்டு முறை திருப்பினேன்.

கடையில் உட்கார்ந்திருந்த, போர்வெல் போடும் ரிக் லாரியின் டிரைவர் எழுந்து வந்தார். “செல்ஃப் மோட்டாரு போச்சுங் அம்மிணி. கழட்டித்தான் பாக்கோணும். அரை நாள் வேலை.”

அரை நாள் என்றதும் அப்பா கலயத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கடைக்கார அக்கா வண்டி எலக்ட்ரீசியன் ஒருவருக்குப் போன் போட்டார்.

10.35க்கு அந்த எலக்ட்ரீசியன் மொபெட்டில் வந்தார். முப்பது வயது இருக்கும். சட்டைப் பையில் ஒரு ஸ்பேனர், ஒரு துண்டு உப்புத்தாள்.

“ஏப்பா, டூல் பெட்டி எங்க?” என்றார் ரிக் டிரைவர்.

“பெட்டி கையில இருந்தா எல்லாத்தையும் கழட்டோணும்னு தோணுமுங்ணா. அதான் கொண்டாரதில்ல.”

என்னிடம், “ஹெட்லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்புங்க,” என்றார். திருப்பினேன். லைட் பட்டென்று அணைந்தது.

“பாத்தீங்களா? மங்கிப் போவல, ஒரேயடியா அணையுது. கரண்டு இருக்குதுங்க, போறதுக்கு வழிதான் இல்ல.”

பானட்டைத் திறந்து பேட்டரி வயரின் பிடியைக் கழற்றினார். உள்ளே ஈயக் கம்பத்தைச் சுற்றிக் காய்ந்த சந்தனம், குங்குமம். அதன்மேல் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏனுங்க, பேட்டரிக்கு ஆரு பொட்டு வச்சது?”

“நாந்தாங்க. ஆயுத பூசைக்கு.”

அன்று அண்ணன் வயர்களைக் கழற்றிவிட்டு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். ஸ்டீயரிங், டயர், ஸ்பேனர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த நான் அந்த இரண்டு கம்பத்துக்கும் வைத்தேன். “சாமிக்கே ஷாக்கு குடுக்கறியாடி?” என்று கேட்டுவிட்டு, அதன்மேலேயே பிடியை மாட்டி முறுக்கினான்.

“மேல வச்சாப் பரவால்ல. இடுக்குல வச்சா கரண்டு எப்படிங்க போவும்?” என்றார் எலக்ட்ரீசியன். ரிக் டிரைவர் டீயை அப்படியே வைத்துவிட்டுத் தன் லாரியின் பேட்டரியைப் பார்க்கப் போனார்.

கடையில் சுடுதண்ணீர் வாங்கி ஊற்றி, உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, பிடியை மாட்டி முறுக்கினார். ஒரே திருப்பில் வண்டி ஸ்டார்ட் ஆனது.

“எப்பவும் சின்னதத்தாங்க மொதல்ல பாக்கோணும். பெருசு எங்கீம் ஓடிப் போயிராது,” என்றார். எவ்வளவு என்று கேட்டேன். அப்போதுதான் அப்பாவின் மடியைப் பார்த்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினார். “போய்ட்டு வா...” என்று தொடங்கி, சொல்லக் கூடாதது என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

10.55க்குக் கிளம்பினோம். 11.20க்குத் திருச்செங்கோட்டு மலை பக்கத்தில் வந்துவிட்டது. அப்பா மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பெருசு எங்கீம் ஓடிப் போயிராதுன்னு சொன்னாப்ல அந்தத் தம்பி.”

“ஆமாப்பா.”

“உங்கண்ணன் நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்தப்ப நானும் சின்னதத்தான் பாத்தேன் சாமி. வாயுன்னு சொல்லி சோடாவக் குடிக்கச் சொன்னேன்.”

ஆஸ்பத்திரியில், ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்றார்கள். இந்தக் காரில்தான் கொண்டுபோனோம். அன்று வண்டி எந்தத் தொந்தரவும் தரவில்லை. நாங்கள்தான் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தோம்.

“ஓடிப் போயி சோடா வாங்கியாந்தது நாந்தானப்பா,” என்றேன். “ரெண்டாவதும் நாந்தான் வாங்கியாந்தேன்.”

அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கலயத்தின் மேலிருந்த ஒரு கையை எடுத்து என் தோளில் வைத்தார். கியர் மாற்றச் சிரமமாக இருந்தது. எடுக்கச் சொல்லவில்லை.

11.46, பள்ளிபாளையம் ஆற்றங்கரை. அப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கினார். நான் படியில் நின்றேன். துணியை அவிழ்த்துக் கலயத்தைச் சாய்த்தார். கொஞ்ச தூரம் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு எல்லாம் தண்ணீர்தான்.

மேலே வந்து, “மணி என்ன சாமி?” என்றார்.

“பதினொன்னு அம்பத்திநாலுப்பா.”

“நேரத்துக்கு வந்துட்டமா?”

“வந்துட்டம்ப்பா.”

அதைக் கேட்ட பிறகுதான் அழுதார். அண்ணன் போன மூன்று நாளில் அதுவே முதல் முறை. ராகுகாலம் பிறக்க இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. அதை விட்டால் ஒன்றரை வரை வண்டியை எடுக்கக் கூடாது. எங்கள் ஊர் ஏரியில் இத்தனை தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. ஆற்றைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பாவை அவசரப்படுத்தவில்லை.