அரை நெல்லும் ஜாம் போத்தலும்

நெல்மணியை இரண்டாக வெட்டிப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். இதைக் கேட்டபின் எந்தப் பெண் வீட்டாரும் எனக்கு இரண்டாவது தேத்தண்ணீர் தந்ததில்லை. ஆய்வுகூடங்களில் அவதிப்படும் அன்பர்களே, உங்களுக்காவது இது விளங்கும்.

அடங்கிய மரபணு

நெல் தன் விதைக்குள் குளுட்டெலின் என்றொரு புரதத்தைச் சேமித்து வைக்கும். அதை உண்டாக்கும் மரபணு அடங்கிப்போன ஒரு நெல்லை எங்கள் பக்கத்து நெல்லோடு கலந்து வளர்த்தோம். புரதத்தைக் குறைக்கவேண்டிய சிறுநீரக நோயாளர் இன்னும் கொஞ்சம் சோறு சாப்பிட வழி பிறக்குமா என்று பார்க்கத்தான்.

தம்பலகாமத்தில் வயல் செய்யும் கமக்காரர் சிவபாதம் அண்ணருக்கு இதை அரை மணித்தியாலம் விளக்கினேன். அவருடைய மனைவிக்குச் சிறுநீரகம் பழுது. சோற்றை அளந்துதான் சாப்பிடலாம். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அது சரி தம்பி, அவ வயிறு நிறையச் சாப்பிடுறது எப்ப?"

மாறிப்போன பாதி

உமி நீக்கிய மணியை வெட்டி, முளை உள்ள பாதியை நடவேண்டும், மற்றப் பாதியை அரைத்துப் புரதம் பார்க்கவேண்டும். புரதம் குறைந்த செடி ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருந்தது. அதன் நல்ல மணிகளையெல்லாம் வெட்டிய அன்று, பாதிகளை அடுக்கிய தட்டைத் திருப்பி வைத்துவிட்டேன். முளையை அரைத்தேன், மற்றதை ஈரத்தாளில் வைத்துப் பத்து நாள் தண்ணீர் தெளித்தேன்.

எங்கள் பொறுப்பாளர் அம்மா எட்டிப் பார்த்தார். ஏசவில்லை. "இன்னும் கொஞ்சம் தண்ணி விட்டு அடுப்பில வைச்சிருந்தால் சோறாவது வந்திருக்கும்."

ராத்தாவின் போத்தல்

கண்ணாடிக் கூடத்தில் செடி பார்க்கும் ரஹீமா ராத்தா, எங்கள் எல்லாருக்கும் அக்கா மாதிரி, கிண்ணியாவிலிருந்து வருகிறவர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு ஒரு ஜாம் போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். அதே செடியில் புள்ளி விழுந்த மணிகள்; கொட்டிவிடச் சொன்னதும் நான்தான். நெல்லைக் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லையாம். செடியின் இலக்கத்துண்டையும் உள்ளே போட்டு வைத்திருந்தார்.

இந்தமுறை ராத்தா பக்கத்தில் நிற்க வெட்டினேன். புரதம் குறைந்த மணிகளில் ஒன்பது முளைத்தன. வெட்கத்தை விட்டு அழுதேன், நன்றியும் சொன்னேன். "அழுது முடிச்சிட்டு இலக்கத்த எழுதுங்க சேர், நாளைக்கு எனக்கு லீவு."

ஒன்பது செடி

சிவபாதம் அண்ணரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஒன்பது செடிதான், சோதனைகள் கிடக்கின்றன, சாப்பாட்டுக்கு வரச் சில வருடமாகும், வராமலும் போகலாம் என்றேன். முகம் வாடும் என்று பயந்தேன். அவர் சைக்கிளைத் திருப்பினார். "இவ்வளவும் காணும் தம்பி, அவவுக்கெண்டு ஒரு நெல்லு முளைச்சிருக்கு எண்டு போய் அவவிட்டச் சொல்லுறன்."

வெட்டத்தான் எனக்குச் சம்பளம், நன்றி சொல்லும் வேலையைச் சம்பளமில்லாமல்தான் பார்க்கிறேன், அதுதான் இப்போது கூடிப்போய்க் கிடக்கிறது.