எனக்கு ஜோர்டான் வேணாம்

என் தங்கை சொன்ன ஒரு வாக்கியத்தை, அதன் பொருள் தெரிந்தே, வேறு பொருள்படச் சொன்னேன். தவறுதலாக அல்ல. அவளுடைய மகன் எனக்கு வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

இதைப் படிக்கும் நீங்கள் என்மேல் இரக்கப்பட வேண்டாம். இரக்கத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கற்பிட்டிக் கரையில் மீன்பிடிக் குடும்பம் எங்களுடையது. என் கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தங்கை ரீற்றாவுக்கு ஒரே மகன். அவளுடைய கணவன் அன்ரன் பள்ளிக்கூட நாட்களில் கூடைப்பந்து விளையாடியவன். உலகமே கொண்டாடிய அமெரிக்க வீரர் ஒருவரின் பெயரை மகனுக்கு வைத்தான்: ஜோர்டான். அந்தப் பெயரில் ஒரு நாடும் இருப்பதை அன்றைக்கு நாங்கள் நினைத்தும் பார்க்கவில்லை.

பிள்ளைக்கு நான்கு வயதானபோது ரீற்றா வீட்டுவேலைக்கு வெளிநாடு போனாள். வந்த விசா அதே ஜோர்டானுக்கு. “உன்ட பேரில இருக்கிற நாட்டுக்குத்தான் அம்மா போறன்” என்று அவனைத் தேற்றி, என் கையில் தந்துவிட்டுப் போனாள்.

ஆறே மாதத்தில் அவன் என்னை அம்மா என்றான். நான் திருத்தவில்லை. ஏன் திருத்த வேண்டும்? காய்ச்சலில் அவனை மடியில் போட்டுக்கொண்டு இருந்தவள் யார்? ... பாருங்கள், இப்போதும் வாதாடுகிறேன்.

இரண்டாம் வருடம் ரீற்றாவின் அழைப்புகள் நின்றுபோயின. மூன்று மாதம் ஒரு செய்தியும் இல்லை. பிறகு ஒரு காலை, நான் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தபோது, தெரியாத இலக்கத்திலிருந்து அழைத்தாள்.

“அக்கா, இது பக்கத்து வீட்டுப் பிள்ளைட போன். மேடம் என்ட போனைப் பறிச்சிட்டா. பாஸ்போட்டும் அவட கையில. அடிக்கிறா அக்கா. எனக்கு ஜோர்டான் வேணாம். கொழும்புக்குப் போய் முறைப்பாடு குடுக்கச் சொல்லி அன்ரன்கிட்டச் சொல்லு.”

லைன் தெளிவாகவே இருந்தது. அவள் மூச்சுகூடக் கேட்டது.

பகலில் அன்ரன் கடலிலிருந்து வந்தான். மனைவி பேசாத கோபத்தில் ஏற்கெனவே குமுறிக்கொண்டிருந்தவன்.

“ரீற்றா கதைச்சாளா?”

“ஓம். எனக்கு ஜோர்டான் வேணாம் எண்டு சொன்னாள்.”

அடியைச் சொல்லவில்லை. பாஸ்போட்டைச் சொல்லவில்லை. கொழும்பைச் சொல்லவில்லை.

“பெத்த பிள்ளை வேணாமாமா?” என்று கேட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாய் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. குனிந்த அந்தத் தலைதான் பொய்.

அன்று மாலையே, ஆத்திரம் அடங்காமல், அவன் பிள்ளையிடம் சொன்னான்: “உன்ட அம்மா உன்னை வேணாம் எண்டுட்டா. இனிப் பெரியம்மாதான் உனக்கு அம்மா.” ஆறு வயதுப் பிள்ளை. நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது... எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

முறைப்பாடு செய்ய யாரும் போகவில்லை. ரீற்றா இன்னும் இரண்டு வருடம் அந்த வீட்டில் கிடந்தாள். திரும்பி வந்தபோது அவளுக்கு இடது காது கேட்கவில்லை. அறைந்தவள் அந்த எசமானி. அவளைக் கரித்துக்கொட்டிக் கொஞ்ச நாள் என்னை மறைத்துக்கொண்டேன். முதல் அறைகள் அவளுடையவை. பிந்திய இரண்டு வருடத்து அறைகள் யாருடையவை?

வந்த அன்று மகனைத் தூக்கப் போனாள். அவன் என் பின்னால் ஒளிந்தான்.

“நீங்கதானே என்னை வேணாம் எண்டீங்க.”

அவளுக்கு விளங்கச் சற்று நேரமெடுத்தது. “ஐயோ மகன், நான் அந்த நாட்டைத்தானே சொன்னன்” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அன்ரனும் பார்த்தான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

“லைன் சரியில்ல. எனக்கு அவ்வளவுதான் கேட்டிச்சு” என்றேன்.

அவள் என் கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும்; அறையவில்லை. “என்ட பிழைதான் அக்கா. இந்த நாடு வேணாம் எண்டு சொல்லியிருக்கணும்” என்று அழுதாள். என்னை நம்பினாளே என்று அவள்மேலும் எனக்கு ஆத்திரம். இது என்ன பிறவி நான்?

அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. என் வீட்டில்தான் இருக்கிறான். தாய் நாட்டைத்தான் சொன்னாள் என்பதை அவன் நம்பவில்லை; நம்பவைக்க நானும் முயலவில்லை. தாய் வேலிக்கு அந்தப்பக்கம். எதிரே வந்தால் அவன் பார்வையைத் திருப்பிக்கொள்கிறான்.

உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறேன் தெரியுமா? உங்களால் அவனை என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போக முடியாது.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து ரீற்றா வேலியோரம் நின்றாள். “நீ சொன்னா அவன் கேப்பான் அக்கா. ஒரு நாளைக்கு என்னோட வந்து சாப்பிடச் சொல்லு.” தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

“அவங்க என்ன கேட்டாங்க?” என்றான்.

“ஒண்டுமில்ல மகன்” என்று சொல்லி, அவனுக்குச் சோறு போட்டேன்.