கோரையை வெட்டச் சொன்னவள்

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள் நான். 'மண் அரிப்பைத் தடுக்கும் வழிகள் யாவை?' என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டு, கரையில் புல்பூண்டு வளர்ப்பதை எழுதாத பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். ஓய்வு பெற்றதும் கொடைக்கானல் மலையில் ஒரு ஏரிக்கரை வீட்டை வாங்கி, கொஞ்ச நாளிலேயே அந்தப் புல்பூண்டை வழித்துப் போட்டேன்.

படகுத்துறையும் குதிரைச் சவாரியும் உள்ள ஏரி இல்லை இது. டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வர வேண்டும். சுற்றி ஏழெட்டு வீடுகள். கரையை ஒட்டி ஆள் உயரத்துக்குக் கோரை. கோரைக்கும் தண்ணீருக்கும் நடுவே வசம்பு. ஏரியின் கீழ்க்கோடியில் ஒரு ஓடை இறங்கி, கீழே இருக்கும் சின்னக் கிராமத்துக்குப் போகும். அந்த ஊர்க்காரர்கள் ஓடையில் ஹோஸ் போட்டுத்தான் குடிக்கிற தண்ணீரையும் எடுக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கோ, மேலே இருக்கும் சோலைக்காட்டு ஊற்றிலிருந்து தனிக் குழாய். அதனால் ஓடையைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது.

இரண்டு அறைகளை விருந்தினர்களுக்கு வாடகைக்கு விட்டேன். வாசலில் 'லேக் வ்யூ' என்று போர்டும் வைத்தேன். வந்தவர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, ஏரி எங்கே என்று கேட்டார்கள். கோரைதான் தெரிந்தது. ஒருவர் இணையத்தில் அதையே எழுதியும் வைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் கீழேயிருந்து வரும் பெண்ணைக் கூப்பிட்டு, கரை முழுவதையும் சுத்தம் பண்ணச் சொன்னேன்.

அவள் எடுத்த அரிவாளைத் திரும்பக் கீழே வைத்தாள். "அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகட்டுங்க டீச்சரம்மா" என்றாள். சொன்னதைச் செய் என்றேன். மறுநாளும் அதையே வேறு மாதிரி சொல்லிப் பார்த்தாள். யாருக்கு யார் பாடம் நடத்துவது என்று கேட்டு வாயை அடைத்தேன். பிறகு அவளும் அவள் புருஷனும் நான்கு நாள் வெட்டினார்கள். வசம்பைக் கிழங்கோடு பிடுங்கிப் போடச் சொன்னேன். அவள் அதில் ஒரு சாக்கு கட்டிக்கொண்டு போனாள். கைக்குழந்தைக்காரி, உரை மருந்துக்கு எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கரையில் தண்ணீர் வரைக்கும் புல்தரை போட்டேன். பச்சைப் பசேல் என்று இருக்க மாதம் ஒரு முறை உரம். விருந்தினர்கள் புல்லில் உட்கார்ந்து போட்டோ எடுத்தார்கள், சரிவிலேயே காரைக் கழுவினார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தச் சமயத்தில்தான் அவள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது எங்கள் குழாயில் ஐந்து லிட்டர் கேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது தாராளமாக என்றேன். அவள் பிடிப்பதை வராந்தாவிலிருந்து பார்க்கும்போது எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வரும். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அடுத்த வருட மழையில் கரை இரண்டு இடத்தில் சரிந்தது. கோரை வேர் பிடித்து வைத்திருந்த மண்ணைப் புல்லால் பிடிக்க முடியவில்லை. வெயில் வந்ததும் தண்ணீர் பாசிப் பச்சையாகி, ஓரத்தில் நுரை ஒதுங்கி, நாற ஆரம்பித்தது. தவளைச் சத்தம் நின்றது. கோரைக்குள் குஞ்சுகளோடு திரியும் நீர்க்கோழிகளைக் காணோம். விருந்தினர்கள் மூக்கைப் பிடித்தார்கள். நான் டூரிஸ்டுகளைத் திட்டினேன், மேலே வெள்ளைப்பூண்டு பயிரிடுகிறவர்களைத் திட்டினேன், பஞ்சாயத்தைத் திட்டினேன். திட்டியதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. என் புல்தரையை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை.

பிறகு ஒரு வாரம் விடாமல் மழை. அவள் வேலைக்கு வரவில்லை. மழை விட்டும் மூன்று நாள் காணவில்லை. வார இறுதிக்கு ஆட்கள் வருகிறார்கள், இவளுக்கு அப்படி என்ன சோலி என்று பொருமிக்கொண்டே ஓடைப் பாதையில் இறங்கினேன்.

ஊருக்கு மேலே ஓடையில் அவள் புருஷன் ஹோஸின் வாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். வலை போட்ட வாயில் பச்சைப் பாசி அப்பியிருந்தது. பாசிக்குள் வெட்டிய புல் துணுக்குகள். மெஷினில் ஒரே அளவாக வெட்டிய புல். அந்த ஏரிக்கரையில் புல் வெட்டும் மெஷின் வைத்திருந்தது நான் ஒருத்திதான்.

வீட்டில் அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. கண் குழி விழுந்து, உதடு காய்ந்து கிடந்தது. வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பாட்டில் ஏற்றி, அன்று காலைதான் கூட்டி வந்திருக்கிறார்கள். தண்ணீரால் வந்தது என்று டாக்டர் சொன்னாராம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். பழைய டீச்சர் குரல்தான் வந்தது.

அவள் கோபப்படவில்லை. "சொன்னேங்க டீச்சரம்மா. ரெண்டு தடவ சொன்னேன். நீங்க வ்யூ வேணும்னீங்க" என்றாள். குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, "கேன்ல எடுத்தது இவளுக்குத்தாங்க. மழையில மேல வர முடியல. காய்ச்சத்தான் செஞ்சோம், வெறகெல்லாம் நனைஞ்சு போச்சு. ஒரு நா விட்டுப் போச்சுங்க" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழுவதற்கு எனக்கு அருகதை இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

வார இறுதிக்கு வருகிறவர்களை வர வேண்டாம் என்று சொன்னேன். கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டியபோது, செப்டிக் டேங்க்கின் கழிவு இறங்கும் குழி கரையிலிருந்து பத்தடியில் இருப்பது தெரிந்தது. அதை மூடி, வீட்டுக்குப் பின்புறம் மேட்டில் புதிதாகக் கட்டினோம். சமையலறைத் தண்ணீரைக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்பினோம். உரத்தை நிறுத்தினேன். கார் கழுவக் கூடாது என்று போர்டு வைத்தேன். கரையிலிருந்து இருபது தப்படிக்குள் இருந்த புல்லைக் கொத்தி எடுத்துவிட்டு, அங்கே யாரும் எதுவும் செய்யக் கூடாது என்று விட்டுவிட்டேன். சும்மா இருப்பதுதான் எனக்கு அதில் கஷ்டமான வேலை. பக்கத்து வீட்டுக்காரர், கரை சரியாமலிருக்கக் கருங்கல் சுவர் கட்டிக்கொள்ளச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு இன்னும் சுவரில்தான் நம்பிக்கை.

கோரை தானாக வந்தது. வசம்பு வரவில்லை. டவுன் நர்சரிகளில் கேட்டேன். ரோஜா இருக்கிறது என்றார்கள். ஒரு நாள் அவள் வெள்ளனே ஒரு சாக்கோடு வந்தாள். உள்ளே வசம்புக் கிழங்கு, முளை விட்டது.

"அன்னிக்கு நீங்க தூக்கிப் போடச் சொன்னதுதாங்க. எங்க வாய்க்கா ஓரத்துல ஊனி வச்சேன். பெருத்துக் கெடக்கு" என்றாள்.

இரண்டு பேரும் முழங்கால் சேற்றில் நின்று நட்டோம். அவள் சொன்ன இடத்தில் சொன்ன ஆழத்தில் நான் நட்டேன்.

இப்போது மூன்றாவது வருடம். ஏரி தெரிய வேண்டுமென்றால் கோரைக்கு நடுவே விட்டிருக்கும் ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போக வேண்டும். 'லேக் வ்யூ' போர்டைக் கழற்றிவிட்டேன். விருந்தினர்கள் குறைந்துவிட்டார்கள், நீர்க்கோழிகள் இரண்டு ஜோடி திரும்பியிருக்கின்றன. ஓரத்தில் நின்றால் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிறது.

போன வாரம் மழை விட்ட சாயங்காலம், அவள் கேனை எடுக்காமல் கேட் வரைக்கும் போய்விட்டாள். கூப்பிட்டு, இன்னும் இது தேவைப்படுகிறதா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை.

அவள் ஏரியை ஒரு தடவை பார்த்தாள். "நாங்க ரெண்டு பேரும் ஓடைத் தண்ணிதாங்க குடிக்கிறோம். புள்ளைக்கு மட்டும் இன்னொரு மழை போகட்டுங்க" என்றாள்.

முன்பெல்லாம் அவளே பிடித்துக்கொள்வாள், நான் வராந்தாவிலிருந்து பார்ப்பேன். அன்று நானே குழாயடிக்குப் போய், கேனை அலசி, நிரப்பி, கேட் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.