பேச்சுக்கு வரி போட்டால்

நூபியா பெர்துசுக்கு மனிதர்களில் முக்கால்வாசிப் பேரைப் பிடிக்காது. மீதிப் பேரை அவள் இன்னும் சந்திக்கவில்லை, அவ்வளவுதான். கொலம்பியாவின் கரையோர நகரமான பர்ராங்கியாவில் ஒரு தனியார் பள்ளியில் வெகுகாலம் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள். பள்ளி முதலாளியின் மகள் வரைந்த குதிரையைப் பார்த்து, "கழுதைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். வேலை போயிற்று. சொன்னதற்காக வருந்தினாளா என்றால், இல்லை. அது காய்ச்சல் வந்த கழுதையேதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தங்கை டெல்சியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவளுக்குப் புத்திமதி காத்திருந்தது. டெல்சியின் புருஷன் அர்கெமிரோ முன்பு ஃபிரிட்ஜ் விற்றவன். இப்போது வெற்றி விற்கிறான். வாடகை மண்டபத்தில் காதோரம் மைக் மாட்டிக்கொண்டு, இணையத்தில் கடை போட்டு முன்னுக்கு வருவது எப்படி என்று வகுப்பெடுப்பான். அவன் மட்டும் அப்படி ஒரு கடையும் போட்டதில்லை.

"மதினி, நீங்க டி-ஷர்ட் கடை போடுங்க," என்றான் வாயில் மரவள்ளியோடு. "படத்தை மட்டும் வரைஞ்சு கடையில ஏத்துங்க. எவனாவது ஆர்டர் குடுத்தா, பொகொத்தாவுல இருக்கிற அச்சகக்காரன் அந்த ஒரு சட்டையை அடிச்சு அவனே அனுப்பிடுவான். சரக்கு வாங்கிக் குவிக்க வேணாம். நீங்க தூங்கும்போதே வியாபாரம் நடக்கும்."

"நீ முழிச்சிருக்கும்போதே ஒண்ணும் நடக்கலையே."

டெல்சி சூப் சட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அர்கெமிரோவுக்கு உறைக்கவில்லை.

"அம்மா, நாய்க்குட்டி, கடவுள். இந்த மூணுல ஒண்ணைப் பிடிச்சுக்கோங்க. 'என் அம்மா என் மகாராணி'ன்னு இதயம் படத்தோட போட்டா ஜனம் கண்ணை மூடிட்டு வாங்கும்."

"கண்ணைத் திறந்தா யாரு வாங்குவா?"

ஆனாலும் கடை போட்டாள். வேறெந்தப் பள்ளியும் அவளை வேலைக்குச் சேர்க்கவில்லை. குதிரைக் கதை அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மக்தலேனா ஆறு கடலில் விழும் இடத்துக் கொக்குகளை வரைந்தாள். சேற்றில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு, அலை மோதும் சதுப்பு மர வேர்கள். முதல் சட்டையைத் தானே ஆர்டர் செய்து பார்த்தாள். வந்ததைப் பிரித்தால், சாம்பல் நிறம் பாத்திரம் கழுவிய தண்ணீராக மாறியிருந்தது. கொக்கு மார்பில் நிற்காமல் தொப்பையில் உட்கார்ந்திருந்தது. நிறத்தைத் தூக்கலாக்கினாள், படத்தை மேலே ஏற்றினாள், கரையோர வெயிலுக்கு ஒத்துவரும் மெல்லிய பருத்தியாகத் தேடி மாற்றினாள். அர்கெமிரோவின் வகுப்பில் இதில் எதுவும் கிடையாது. அங்கே கண்ணை மூடிக்கொண்டு கடற்கரை பங்களாவைக் கற்பனை செய்யச் சொல்வார்கள்.

மழைக்காலம் முழுக்க ஒரு கொக்கும் விற்கவில்லை. ஒரே ஒருத்தி மட்டும் விசாரித்து எழுதினாள்: கொக்குக்குப் பதில் என் பூனையின் முகத்தை வைத்துத் தர முடியுமா? நூபியா பதில் போட்டாள்: முடியாது, உங்கள் பூனையும் சம்மதிக்காது.

டிசம்பர் காற்று தொடங்கிய ஒரு ஞாயிறு, அர்கெமிரோ விருந்துக்கு அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டிருந்தான். மதினியின் கடை ஏன் படுத்தது என்று அவர்களுக்கு விளக்க ஆரம்பித்தான். மனப்பான்மை என்றான். பிரபஞ்சத்தின் அதிர்வு என்றான். சூப் ஆறி ஆடை கட்டியது.

நூபியா கரண்டியை வைத்தாள். "பேச்சுக்கு வரி போட்டா நீ திவாலுடா."

எதிரே இருந்த நர்ஸ் யொலீமாவுக்குப் புரையேறியது. "ஐயோ நூபியாக்கா, இதை அப்படியே ஒரு சட்டையில போட்டுக் குடுங்க. எங்க தலைமை டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மாட்டிக்கிட்டு நிக்கிறேன்!"

நூபியா வீட்டுக்குப் போய் அந்த வரியைக் கடையில் ஏற்றினாள். படம் கிடையாது. நகரப் பேருந்துகளின் நெற்றியில் பெயர் எழுதியிருக்குமே, அந்த மாதிரிக் கொழுத்த எழுத்து மட்டும். யொலீமா வாங்கினாள், பிறகு அவள் வார்டே வாங்கியது. அங்கிருந்து பேருந்து ஓட்டுநர்கள், வங்கிக் குமாஸ்தாக்கள், மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள். ஊரே வேஷம் கட்டி ஆடும் கார்னிவல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பர்ராங்கியாக்காரனுக்கு அந்த மாதத்தில் சோறு இல்லாவிட்டாலும் நக்கல் வேண்டும்.

நூபியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொக்கின் ஒரு இறகுக்குப் பட்ட பாட்டில் பத்தில் ஒன்றுகூட இந்த வரிக்குப் படவில்லை. இந்த ஜனத்துக்கு இதுதான் வேண்டுமா? சரி, வாங்கிக்கொள்ளுங்கள் என்று இன்னும் எழுதினாள். வாங்கியவர்கள் தங்கள் தொல்லைகளை அவளுக்கு எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள். எல்லாம் அற்பச் சண்டைகள். உதட்டைச் சுழித்துக்கொண்டே ஒன்று விடாமல் படித்தாள். ஒரு குமாஸ்தாவின் மதியச் சாப்பாட்டை மேலாளர் தினமும் திருடித் தின்கிறார் என்றால், "மேலாளரே, அந்த எம்பனாதா என்னுடையது" என்று ஒரு சட்டை. தன் மனைவி குண்டாக இருக்கிறாள், அவளைக் குத்தி ஒரு வரி வேண்டும் என்று ஒருவன் கேட்டான். அவனுக்கு எழுதினாள்: உனக்குச் சட்டை இல்லை, போய் முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கிக்கொள்.

கார்னிவலுக்கு முன்பே அர்கெமிரோ அவளைத் தேடி வந்துவிட்டான். வகுப்பில் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம். டெல்சி கெஞ்சியதால் போனாள். போய்ப் பார்த்தால் மேடையில் அவன் நிற்கிறான், மார்பில் அந்த வரி: பேச்சுக்கு வரி போட்டால் நீ திவால்.

"இவங்க என் மாணவி! என் வழியில போனாங்க, இன்னைக்கு இந்த ஊரே இவங்க சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியுது!"

நூபியா மைக்கை வாங்கினாள். "இந்த ஆள் நெஞ்சில இருக்கிற வரி இந்த ஆளைப் பத்தி எழுதினது. இவர் போடச் சொன்ன அம்மா, நாய்க்குட்டி, கடவுள்ல ஒண்ணைக்கூட நான் போடல. நீங்க கட்டின காசை இப்பவே திருப்பிக் கேளுங்க."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவன் அர்கெமிரோ.

"பாத்தீங்களா? ஜனத்தை எப்படிக் கையில போட்டுக்கிறாங்க பாத்தீங்களா! இதுதான் நான் சொன்ன ரகசியம்!"

அடுத்த வகுப்புக்கு அங்கேயே பெயர் கொடுக்க வரிசை நின்றது. கொடுத்த எலுமிச்சைச் சாற்றைக்கூடத் தொடாமல் நூபியா வெளியே வந்தாள். மானம் உள்ளவனைத் திட்டலாம். இவனைத் திட்டுவது தண்ணீரில் ஆணி அடிப்பது. அவள் நாக்கு தோற்ற ஒரே இடம் அது; பல நாள் அதை நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

கார்னிவல் முடிந்த வாரம் ஒரு ஆர்டர் வந்தது. முன்பின் தெரியாத பெயர். விலாசம் டெல்சி வீட்டு விலாசம். கேட்டிருந்த வரி: "பேசி முடிச்சாச்சுன்னா பாத்திரம் கழுவு."

நூபியா போனை எடுத்தாள். "டெல்சி, நீதானா?"

"எழுத்தைப் பெருசா போடுக்கா. அந்த ஆளு கண்ணாடி போட மாட்டாரு."

"அவனுக்கு என்ன அளவு?"

"அவருக்கு இல்ல. எனக்கு."

இத்தனை வருடம் தங்கையை வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்தாள் நூபியா. அன்று மதியம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகச் செதுக்கினாள். எந்தக் கொக்குக்கும் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

சட்டை வந்த ஞாயிறு டெல்சி அதைப் போட்டுக்கொண்டுதான் பரிமாறினாள். அர்கெமிரோ கண்ணைச் சுருக்கிச் சத்தமாகப் படித்தான். "அருமையான வரி மதினி, பிச்சுக்கிட்டுப் போகும்!" சாப்பாடு முடிந்தது. டெல்சி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நூபியாவும் எழுந்திருக்கவில்லை. அவன் பேசினான், காப்பி கேட்டான், மறுபடி பேசினான். காப்பி வரவில்லை, தட்டுகளில் ஈ மொய்த்தது. கடைசியில் அவனே எழுந்து தட்டுகளை அள்ளிக்கொண்டு போய்க் கழுவினான். கழுவும்போதும் வாய் ஓயவில்லை. ஆனால் குழாயைத் திறந்துவிட்டதால் அவன் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை.