கையால் கொடுத்த பந்து

கலஹாவுக்கு மேலே, தேயிலை மலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயமொன்றில் பிறந்த புஷ்பராணிக்கு மறதி என்ற ஒன்றைக் கடவுள் வைக்கவே இல்லை. ஆறாம் வகுப்பில் தன் செருப்பை ஒளித்து வைத்தவள் யாரென்று கேட்டால் இன்றைக்கும் சொல்வாள், அன்று அவள் கட்டியிருந்த ரிப்பனின் நிறத்தோடு. அப்படிப்பட்டவளிடம் போயா கமலாசனி வாலாட்டினாள் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பெண்பிள்ளைகள் றக்பி விளையாடுவதா என்று தோட்டமே வாய்பிளந்தபோது, புஷ்பராணியின் அம்மா வீரம்மா மட்டும் தடுக்கவில்லை. விளையாட்டுப் போட்டியில் இவள் ஓடியதைப் பார்த்துவிட்டு, கட்டுகஸ்தோட்டை றமீலா மிஸ் தான் பயிற்சி கொடுத்த கண்டி இளம் பெண்கள் அணிக்குக் கூப்பிட்டிருந்தார். கலஹாவிலிருந்து பேராதனைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கண்டிக்கு இன்னொன்று, பையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். இப்படித்தான் புஷ்பராணி நித்தவெல மைதானத்துக்குப் போய்வந்தாள்.

அணியில் ஏறக்குறைய எல்லோரும் சிங்களப் பிள்ளைகள். தமிழ்ப்பிள்ளைகள் இரண்டே பேர், மற்றவள்தான் கமலாசனி. அவளுடைய அப்பா பாலேந்திரன் அரசாங்க இஞ்சினியர், யாழ்ப்பாணத்து ஆட்கள், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் மாடிவீடு. லயத்துப் பிள்ளைக்கும் மாடிவீட்டுப் பிள்ளைக்கும் என்ன ஒட்டு என்று கேட்கலாம். மைதானத்தில் தமிழில் பேச வேறு பிள்ளை இல்லையே! ஒட்டிக்கொண்டார்கள். ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்து ஓடிப்போன பெரியப்பா குடும்பம் புலிகளின் பிடியிலிருந்த கிளிநொச்சியில் இருக்கிறது என்று புஷ்பராணி உளறிவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் கொதித்துக்கொண்டிருந்தது, கண்டியில் தமிழ்ப்பெயர் வைத்திருப்பதே ஒரு குற்றமாகப் போயிருந்தது. அந்த வருடம்தான் அணிக்குத் தாய்லாந்துப் போட்டிக்கு அழைப்பு வந்தது. புஷ்பராணி விமானத்தைத் தலைக்கு மேலே மட்டும் பார்த்தவள். வீரம்மா மகளுக்கென்று பேராதனையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்தாள். புறப்படுவதற்கு முந்தைய நாள் மைதானத்துக்குப் பொலிஸ் வந்து, தமிழ்ப்பிள்ளைகள் இருவரையும் தனித்தனியாக விசாரித்துவிட்டுப் போனது. அன்று மாலை லயத்து வாசலில் ஜீப் நின்றது.

அணி விமானம் ஏறியபோது புஷ்பராணி ஒரு பொலிஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்திருந்தாள். வெளியே, வெறும் தரையில், வீரம்மா. "கிளிநொச்சியில் ஆட்கள் இருக்கிறார்களாமே? உன் அணிக்காரியே சொன்னாள்" என்றார் அதிகாரி சிங்களத்தில், கேலியாக. கிளிநொச்சி விஷயம் தெரிந்தவள் உலகத்திலேயே ஒருத்திதான். புஷ்பராணி அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். தொழிற்சங்கத் தலைவர் வந்து கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்தபோது, அணி தோற்று ஊர் திரும்ப ஆயத்தமாகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாளே வீரம்மா மகளைக் கூட்டிக்கொண்டு மலை உச்சியிலுள்ள முனியாண்டி கோயிலுக்கு ஏறினாள். ஒரு ரூபாய்க் காசைக் கல்லின் மேல் வைத்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை அதன் மேல் நிறுத்தி, இன்னொரு கல்லால் ஓங்கி ஓங்கி அடித்தாள். காசு இரண்டாகும்வரை அவள் நிறுத்தவில்லை. தோட்டத்தில் துரோகம் செய்தவனுக்குக் காசு வெட்டிப் போடுவார்கள். உறவு அன்றோடு அறுந்தது, தண்டனை சாமியின் பொறுப்பு.

"இனி அவ கையால பச்சத்தண்ணி வாங்காத" என்றாள் வீரம்மா, மூச்சிரைக்க. "நீயும் ஒன்னும் குடுக்காத. மறந்தும் அவ மேல கைய ஓங்காத. கேச சாமிக்கிட்ட ஒப்படைச்சாச்சு. நாம கை வச்சமுன்னா காசு நம்ம பக்கம் திரும்பிரும்."

"பந்து?" என்றாள் புஷ்பராணி.

"பந்தோ பணியாரமோ, எதையும் குடுக்காத."

இங்கேதான் சிக்கல். றக்பியில் பந்து கைவிட்டுக் கை மாறித்தான் ஓட வேண்டும். புஷ்பராணி நடுவில் ஆடுபவள், கமலாசனி ஓரத்தில், விங்கில். ஓரத்தில் நிற்பவளுக்குப் பந்தைக் கொடுப்பதே நடுவில் நிற்பவளின் வேலை. சாமி குத்தமும் ஆகக்கூடாது, அணியிலிருந்தும் விழக்கூடாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அம்மா சொன்னது கையை, காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து கமலாசனியின் பக்கம் பந்து போக வேண்டுமானால் புஷ்பராணி அதை உதைத்தாள். லயத்துக்குப் பின்னால் பழைய பந்தொன்றை வைத்துக்கொண்டு இருட்டும்வரை உதைத்துப் பழகினாள். எதிரணியின் தலைக்கு மேலே போய் ஓரக்கோட்டுக்குப் பக்கத்தில் விழும் உதை அது. றமீலா மிஸ்ஸுக்கு வாயெல்லாம் பல். "இந்தப் புள்ளைக்கு அல்லாஹ் கால்ல என்னமோ வெச்சீக்கான்" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். வைத்தது அல்லாஹ் அல்ல, வயிற்றெரிச்சல் என்று அவருக்கு எப்படித் தெரியும்!

கமலாசனி சும்மா இருக்கவில்லை. ஒருநாள் தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டு வழியை மறித்தாள். "புஷ்பா, அப்பாவின்ர வேலை போகுமெண்டு வெருட்டினவங்கள். பயத்தில வாயில வந்திட்டுது. என்னோட ஒருக்காக் கதையன்." புஷ்பராணி போத்தலையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. எதிரே ஆளே இல்லாததுபோல் பக்கத்தால் போனாள். உனக்கு அப்பாவின் வேலை, எனக்கு என் அம்மா பொலிஸ் வாசலில் தரையில் கிடந்த கிடப்பு என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள். முனியாண்டி ஏன் இன்னும் சுணங்குகிறார் என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. கமலாசனிக்கு ஒரு தும்மல் தடிமன்கூட வரவில்லை. நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டல்லவா வந்தாள்!

அடுத்த வருடமும் தாய்லாந்து அழைத்தது. இந்தத் தடவை றமீலா மிஸ் முந்திக்கொண்டு, பொலிஸ் அனுமதிக் கடதாசிகளை முன்கூட்டியே எடுத்துக் கைப்பையில் பூட்டி வைத்தார். விமானத்தில் ஏறினால், யார் செய்த விளையாட்டோ, புஷ்பராணிக்கு ஜன்னல் ஓரம், பக்கத்துக் கதிரையில் கமலாசனி. சாப்பாட்டுத் தட்டு அவள் கையைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். கமலாசனி வாங்கி நீட்டினாள். புஷ்பராணி ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்தாள். தட்டை நீட்டிய கை வெகுநேரம் அந்தரத்தில் நின்றுவிட்டு இறங்கியது. வாழ்க்கையில் முதல் தடவை விமானம் ஏறியவள், கோழி வாசனையை மூக்கில் வாங்கிக்கொண்டு பட்டினியாகப் போய் இறங்கினாள். அதிலும் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது.

போட்டி அணிக்கு ஏழு பேர் ஆடுவது. கண்டிப் பிள்ளைகள் யாரும் எதிர்பாராத விதமாக மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்வரை வந்துவிட்டார்கள். எதிரணியில் ஒருத்தி இருந்தாள், கதவுபோல் அகலம். அவள் மோதியதில் அன்று காலையிலேயே ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். "அவ ஓடி வாரப்ப உசரமா, மெதுவா பந்து குடுத்துராதீங்க" என்று றமீலா மிஸ் தலைதலையாக அடித்துக்கொண்டார். "அதுக்குப் பேரே ஹொஸ்பிட்டல் பாஸ். புடிக்கிறவ அண்ணாந்து பாத்துட்டு நிப்பா, மத்தவ வந்து நொறுக்கிருவா."

புஷ்பராணி அதைக் கவனமாகக் கேட்டாள். இவ்வளவு கவனமாக அவள் எதையும் கேட்டதில்லை.

ஆட்டம் முடியும் தறுவாய், இரு அணிகளும் சமநிலை. பந்து புஷ்பராணியின் கையில் வந்தது. வலப்பக்கம் கமலாசனி ஓடத் தயாராக நிற்கிறாள், உதை வரும் என்று தூரத்தைப் பார்த்தபடி. அந்தக் கதவு அவளை நோக்கிக் கிளம்பிவிட்டதையும் புஷ்பராணி கண்டாள். உதைத்திருந்தால் பந்து அந்தக் கதவையும் தாண்டிப் போயிருக்கும், வெற்றிகூடக் கிடைத்திருக்கும். ஆனால் அந்தக் கணத்தில் அவள் கண்ணுக்குள் நின்றது பொலிஸ் வாசல் தரை. ஒரு வருடமாக முனியாண்டி செய்யாததை நானே செய்துகொள்கிறேன் என்று ஆத்திரம் பொங்கியது. பந்தை இரண்டு கையாலும் எடுத்து, உயரமாக, மெதுவாக, அள்ளிக் கொடுப்பதுபோல் கமலாசனிக்கு எறிந்தாள்.

கமலாசனி திரும்பினாள். கையால் வரும் பந்தைக் கண்டாள். அவள் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை அந்த வருடம் முழுக்க யாரும் அவளிடம் பார்த்ததில்லை. இரண்டு கைகளையும் விரித்து, அண்ணாந்து, பந்தை மார்போடு அணைத்தாள். அதற்குள் கதவு வந்து மோதிவிட்டது. எலும்பு முறிந்த சத்தம் புஷ்பராணிக்குக் கேட்டது.

பந்து சிதறியது, எதிரணி அதை எடுத்துக்கொண்டு ஓடி வென்றது. கமலாசனியின் வலத் தோளில் காறை எலும்பு இரண்டாகியிருந்தது. "பாழாப்போன பாஸ்" என்று றமீலா மிஸ் திட்டியதோடு சரி, வேண்டுமென்று எறிந்தது என்று அவருக்குக் கனவிலும் தோன்றவில்லை. யாருக்குமே தோன்றவில்லை. புஷ்பராணிக்குப் பொறுக்கவில்லை. இதென்ன அநியாயம்! அடி வாங்கியவளுக்கு அடித்தது யாரென்று தெரிய வேண்டாமா? தெரியாவிட்டால் அது என்ன பழி? திரும்பும் விமானத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

திரும்பும்போதும் அதே பக்கத்துப் பக்கத்துக் கதிரைகள். கமலாசனியின் வலக்கை கழுத்தோடு கட்டித் தொங்கியது. புஷ்பராணி தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பினாள்.

"அந்தப் பந்து..." என்று ஆரம்பித்தாள். ஒரு வருடத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஓம், நான் விடேல்லத்தானே?" என்றாள் கமலாசனி அவசரமாக. கண்கள் பளபளத்தன. "கடைசிமட்டும் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். அவள் வாறது தெரிஞ்சது புஷ்பா, விலகியிருக்கலாம். ஆனா நீ கையால தந்தனி. ஒரு வருசத்துக்குப் பிறகு கையால தந்தனி. அதை எப்பிடி விடுறது?"

பணிப்பெண் தட்டைக் கொண்டுவந்தாள். ஒற்றைக் கையால் பாண் பக்கற்றைப் பிரிக்க முடியாமல் கமலாசனி திணறினாள். புஷ்பராணி அதைப் பிடுங்கி, பிரித்து, வெண்ணெய் பூசி அவள் கையில் திணித்தாள். கோபம் இருந்தது, முன்பைவிட அதிகமாகவே இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

செய்தி அவளுக்கு முன்னால் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. வீரம்மா வாசலிலேயே நின்றாள், தலைக்குக் குளித்து, விபூதி பூசி, கையில் தேங்காயோடு. "முனியாண்டி கேட்டுட்டாருடி! காசு ரெண்டான மாரியே அவ எலும்பும் ரெண்டாயிருச்சாமே. வா, ஒரு வா தேத்தண்ணி குடிச்சிட்டு மேல போவோம். தேங்கா ஒடைக்கணும்."

இவ்வளவு சந்தோஷமாக அம்மாவை அவள் கண்டதே இல்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் காரியத்தின் பெருமையை முனியாண்டிக்குக் கொடுக்கவும் அவளுக்கு மனமில்லை, சுமந்துகொண்டிருக்கவும் முடியவில்லை.

"முனியாண்டி இல்லம்மா" என்றாள். "நாந்தான். வேணுமுன்னே குடுத்தேன். கையால."

வீரம்மா தேங்காயை அடுப்படி மூலையில் வைத்தாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. பாசத்துல குடுத்தேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

வீரம்மா தேத்தண்ணியை ஆற்றி, சீனி போட்டு, எப்போதும்போல் மகளிடம் நீட்ட வந்தாள். பாதியில் கை நின்றது. பிறகு குனிந்து, கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.