குருவம்மாள் பாடம் பண்ணிய ஐந்து வாக்கியம்

ஐம்பது வயதாக இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்போது குருவம்மாள் சீனமொழி படிக்கச் சேர்ந்தாள். சிவகிரியில் கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எலுமிச்சைத் தோட்டமும் இரண்டு மாடும் வைத்திருக்கிற ஒரு பொம்பளை, சனி ஞாயிறு தவறாமல் வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு தென்காசிக்குப் போய்ச் சீனம் படிக்கிறாள் என்றால் வேறு என்ன செய்வார்கள்? காரணம் தெரிந்திருந்தால் ஒருத்தரும் சிரித்திருக்க மாட்டார்கள். காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கெட்டது அங்கேதான்.

அவளுடைய ஒரே மகன் சுடலைமணி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தான். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று ஒரு ஏஜெண்டு ஆசை காட்ட, விமானம் ஏறினான். இறங்கிய இடத்திலிருந்து ஒரு வேனில் ஏற்றி எல்லை தாண்டிக் கம்போடியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். உயரமான மதில், மேலே முள்கம்பி, உள்ளே நாலு மாடிக் கட்டடம். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். போனிலும் கம்ப்யூட்டரிலும் முன்பின் தெரியாத ஆட்களிடம் நைச்சியமாகப் பேசிப் பணத்தைப் பிடுங்குகிற வேலை. முடியாது என்று சொன்னவனுக்கு அடி. அதற்கும் அடங்காதவனை வேறொரு கும்பலுக்கு விற்றுவிடுவார்கள். முதலாளிமார் பேசுவது சீனம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் வீட்டுக்கு வீடியோவில் பேச விடுவார்கள். பக்கத்தில் ஒருவன் நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்குத் தமிழ் தெரியாது. முகம் வாடினால் மட்டும் தெரிந்துவிடும். அதனால் சுடலைமணி சிரித்த முகத்தோடுதான் எல்லாவற்றையும் சொன்னான். "கரண்டு கம்பி வச்சு அடிக்கான்ம்மா. இடது கைல ரெண்டு விரல் மடங்க மாட்டுக்கு. நீ அழுதுராத, சிரிச்சுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் பல் தெரியச் சிரித்தான். குருவம்மாளும் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனு எழுதினார். தென்காசியில் கொடுத்தார், சென்னையில் கொடுத்தார், தபாலில் டெல்லிக்கும் அனுப்பினார். எல்லா இடத்திலும் மரியாதையாக வாங்கி, எண் போட்டுக் கொடுத்து, காத்திருக்கச் சொன்னார்கள். அவருடைய தம்பி வேல்ராஜ் சப்-இன்ஸ்பெக்டர். அவரும் தன் பங்குக்கு நாலு பேரிடம் பேசினார். ஊருக்குள் மட்டும் மூச்சு விடக்கூடாது என்று சங்கிலிப்பாண்டி சொல்லிவிட்டார். "பட்டாளத்துக் குடும்பத்துப் பய திருட்டுக் கம்பெனில கெடக்கான்னு ஊருக்குத் தெரிஞ்சா நான் தலநிமிந்து நடக்க முடியுமாட்டி?" ஆகவே மகன் சீனாவில் வேலை பார்க்கிறான் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள்.

சீனம் படிக்கிற எண்ணத்தை அவள் தலையில் போட்டவன் சுடலைமணிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னான்: "எம்மா, இங்கன ஒரு மலேசியாப் பையன் இருந்தான். அவங்கம்மா லாவ்பான்ட்ட சீனத்துல பேசி அழுதிருக்கு. மறுவாரமே அவன விட்டுட்டான்." லாவ்பான் என்றால் முதலாளி. குருவம்மாள் முதலில் போனில் இருக்கிற மொழிபெயர்ப்பை வைத்துப் பேசிப் பார்த்தாள். மிஷின் குரலைக் கேட்டு அந்த ஆள் சிரித்துவிட்டுப் போய்விட்டான். சரி, நம் வாயாலேயே பேசுவோம் என்று கிளம்பிவிட்டாள். ஆழம் தெரியாமல் காலை விடுகிறாள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. நடத்தியவள் சுஜிதா, குற்றாலத்துப் பெண். சீனாவில் மருத்துவம் படித்துவிட்டு வந்து, இங்கே எழுத வேண்டிய தேர்வை மூன்றாம் முறையாக எழுதக் காத்திருந்தாள். காத்திருக்கிற நேரத்தில் தெரிந்த பாஷையைச் சொல்லிக் கொடுத்தாள். படிக்க வந்தவர்கள் ஆறு பேர். அதில் கடையநல்லூர் மைதீன் செல்போன் கவர் மொத்த வியாபாரம் செய்கிறவன். சரக்கெடுக்கச் சீனாவுக்குப் போய் வருகிறவன்.

முதல் நாள் சுஜிதா ஒவ்வொருவரிடமும் எதற்காகப் படிக்கிறீர்கள் என்று கேட்டாள். குருவம்மாள் எழுந்து நின்று, "மகன் சீனாவுல இருக்கான் டீச்சர். அவன் மொதலாளிகிட்ட ரெண்டு வார்த்த மரியாதையாப் பேசணும்" என்றாள். பாதி நிஜம். மீதிப் பாதியை விழுங்கிவிட்டு உட்கார்ந்தாள்.

படிப்பு லேசில் ஏறவில்லை. பத்தாம் வகுப்போடு பேனாவை மூடி வைத்தவள். ஒரே சொல்லை ஏற்றிச் சொன்னால் ஒன்று, இறக்கிச் சொன்னால் வேறொன்று. சீனத்தில் அம்மாவுக்கு 'மாமா' என்று சுஜிதா சொன்ன அன்று வகுப்பே சிரித்தது. "அப்ப மாமாவுக்கு என்ன, அம்மாவா?" என்று மைதீன் கேட்டான். குருவம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்தில் எலுமிச்சை பறிக்கும்போதும் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் 'நான் அவனுடைய மாமா, நான் அவனுடைய மாமா' என்று சீனத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள். முள் கீறி ரத்தம் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. கூட வேலை பார்த்த ஆவுடையம்மாள், "மைனிக்குக் காத்துக்கருப்பு அண்டிருச்சு" என்று முடிவுகட்டி, பண்பொழி திருமலைக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்து பூசிவிட்டாள்.

நாலாம் மாதம் அவள் வகுப்பில் முதல் ஆளாக இருந்தாள். மைதீனே கடைக்கு வருகிற சீனக் குறுஞ்செய்திகளை அவளிடம் காட்டிச் சந்தேகம் கேட்டான். விற்பது, வாங்குவது, விலை, சரக்கு, அனுப்பியாயிற்று, பேசாதே, பேசு எல்லாம் எழுத்துக்கூட்டாமல் படித்தாள்.

பாஷையோடு அந்த ஊர்ப் பழக்கத்தையும் சுஜிதா சொல்லிக்கொடுப்பாள். "சீனாக்காரங்க நம்ம மாதிரிதான்க்கா. எடுத்தவுடனே காரியத்தப் பேசக்கூடாது. சாப்டாச்சான்னு கேக்கணும். நம்ம வீட்டுல எத்தன பேரு, யாரு யாரு என்ன செய்யுதாங்கன்னு சொல்லணும். அப்புறந்தான் வந்த விஷயம்." குருவம்மாளுக்கு இது தலைகால் புரியாத சந்தோஷம். சிவகிரியிலும் அப்படித்தானே. யார் வீட்டு ஆள், எந்தக் குடும்பம் என்று தெரியாமல் அங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடைக்காது.

அன்றே ஐந்து வாக்கியத்தைக் கட்டிக்கொண்டாள். ஐயா சாப்பிட்டாச்சா. நான் மணியுடைய அம்மா. எங்கள் வீட்டில் நாலு பேர், வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர், கொழுந்தன் போலீஸில் இருக்கிறார். என் மகன் நல்ல பிள்ளை. தயவுசெய்து அவனை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

"டீச்சர், போலீசுக்கு என்ன வார்த்தை?" என்று அவள்தான் கேட்டாள். ஜிங்ச்சா என்று சுஜிதா சொல்லி, எங்கே ஏற்ற வேண்டும் எங்கே இறக்க வேண்டும் என்று கை காட்டினாள். குருவம்மாள் அதை வகுப்பே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கணீரென்று சொன்னாள்.

"அக்கா, இந்த ஒரு வார்த்த போதும். அவ்வளவு பேரும் எந்திரிச்சு நிப்பான்" என்றான் மைதீன்.

அவளும் அப்படித்தான் நம்பினாள். இதில் அவளை எப்படிக் குற்றம் சொல்வது? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 'கொழுந்தன் போலீஸ்' என்ற சொல்லுக்குத் திறக்காத கதவை அவள் பார்த்ததில்லை. பேங்கில் லோனுக்குப் போனபோது திறந்தது. மகனைக் காலேஜில் சேர்க்கப் போனபோது திறந்தது. மிரட்டுவதற்காக அதை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. நாங்கள் நாலு பேருக்குத் தெரிந்த மானமுள்ள குடும்பம் என்று காட்டத்தான் சொல்வாள். ஒரு தாய் தன் பிள்ளைக்கு ஜாமீன் நிற்கிற மாதிரி.

ஆனி மாதக் கடைசி ஞாயிறு. தையல் கடை மாடியில் பெயிண்ட் அடித்ததால் அன்றைக்கு மட்டும் குற்றாலத்தில் சுஜிதா வீட்டில் வகுப்பு. சீசன் கூட்டத்தில் பஸ் நகர மாட்டேன் என்றது. இறங்கி நடந்தே போய்ச் சேர்ந்தாள். நாலு மணிக்குப் போன் அடித்ததும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. முந்தானையால் போனை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"மணி, மொதலாளிகிட்டக் குடு. நான் பேசணும்."

"வேண்டாம்மா."

"குடுலே. அம்மா சொல்லுதேன்லா."

அவன் சிரித்த முகத்தோடு திரும்பி என்னவோ சொன்னான். கொஞ்ச நேரத்தில் ஒரு வழுக்கைத் தலை ஆள் திரைக்கு வந்தான். நாற்பது வயதிருக்கும், வாயில் சிகரெட். குருவம்மாள் கும்பிட்டாள். ஐயா சாப்பிட்டாச்சா என்று சீனத்தில் கேட்டாள்.

அந்த ஆளுக்குச் சிகரெட் வாயிலிருந்து நழுவப் பார்த்தது. சாப்பிட்டேன் என்றான். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினான். எங்கே படித்தீர்கள், நன்றாகப் பேசுகிறீர்களே என்றான். ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரிந்தது. நான் மணியுடைய அம்மா என்றாள். அவன் சுடலைமணியின் தோளில் கைபோட்டுக்கொண்டு, நல்ல பையன் என்றான்.  பிள்ளை வந்துவிட்டான், அவ்வளவுதான், வந்துவிட்டான் என்று குருவம்மாளுக்கு மனது கூத்தாடியது.

மூன்றாவது வாக்கியத்தைச் சொன்னாள்.

தோளிலிருந்து கை இறங்கியது. "ஜிங்ச்சா?" என்று அந்த ஆள் மெதுவாகக் கேட்டான்.

சொல் வேலை செய்கிறது என்று நினைத்தாள் அந்தப் பாவி. நிமிர்ந்து நின்று, ஆமாம், ஜிங்ச்சா என்று முன்னைவிடக் கணீரென்று சொன்னாள். அவனுக்குப் பின்னால் சுடலைமணியின் முகத்தில் சிரிப்பு இல்லை. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக இல்லை. பிறகு திரை இருண்டுவிட்டது.

நாலாவது, ஐந்தாவது வாக்கியம் அவள் வாயிலேயே நின்றுபோனது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் போன் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, சுஜிதாவைப் பிடித்து உட்காரவைத்து ஆதியோடந்தமாகச் சொன்னாள். கேட்கக் கேட்கச் சுஜிதாவுக்கு முகம் வெளுத்தது.

"போலீஸ்னு சொன்னீங்களாக்கா? அவன்ட்டயா?"

"நீங்கதான டீச்சர் சொன்னீக, குடும்பத்தப் பத்திச் சொல்லணும்னு."

"அது நல்ல மனுஷங்ககிட்டக்கா." சுஜிதாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அவனுங்க போலீசுக்குப் பயந்து ஒளிஞ்சு கெடக்கிறவனுங்க. எங்கிட்ட மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்த வாக்கியத்த அடிச்சிருப்பேன்லா."

குருவம்மாள் அழவில்லை. தலையில் மட்டும் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டாள். ஊருக்குப் பயந்து மறைத்தது மகன் தலையில் விடிந்துவிட்டதே என்றுதான் அவளுக்கு ஓடியது. அவமானப்பட்டிருந்தால்தான் என்ன, நாலு நாள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். பெற்ற வாயாலேயே பிள்ளையைக் காட்டிக்கொடுத்தேனே என்று பஸ்ஸில் புளியங்குடி வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்துச் சீட்டுக்காரி எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. சங்கிலிப்பாண்டி அரைவயிற்றுச் சாப்பாட்டில் எலும்பும் தோலுமாகியிருந்தார். அவருக்குத் தெரியாமல் அந்த நம்பருக்குத் தினமும் காலையில் சீனத்தில் பேசிப் பதிந்து அனுப்பினாள். தெரியாமல் சொல்லிவிட்டேன் ஐயா, எங்கள் வீட்டில் போலீஸ் யாரும் இல்லை ஐயா, காலில் விழுகிறேன் ஐயா. பத்தொன்பது நாள் அனுப்பினாள்.

இருபதாவது நாள், திங்கட்கிழமை மத்தியானம், சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது போன் சத்தம் போட்டது. அந்த நம்பரிலிருந்து ஒரே ஒரு வரி, சீன எழுத்தில். அகராதியை எடுக்கவில்லை, சுஜிதாவைக் கூப்பிடவில்லை, கண் பட்டதும் படித்துவிட்டாள். அந்த ஆளை விற்றாயிற்று, இனிமேல் இங்கே பேசாதே.

சத்தம் கேட்டுச் சங்கிலிப்பாண்டி துண்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அங்கனருந்தா வந்திருக்கு? என்னட்டி போட்டிருக்கான்?"

குருவம்மாள் அடுப்பை அணைத்தாள். "தெரியலீங்க. இதெல்லாம் பெரிய எழுத்து. சனிக்கிழம டீச்சர்ட்டதான் கேக்கணும்."

"ஆறு வாரமாப் பேசாதவன் இப்பப் போட்டிருக்கான்னா, நல்ல சேதியாவும் இருக்கலாம்லா?"

"இருக்கலாம்" என்றாள்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள்தான் போட்டாள்.