பிரகதாம்பாளின் பின்சக்கரம்

இலுப்பூரில் காலை டவுன் பஸ்ஸில் மடக்கு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறும் பெண்ணை எல்லாக் கண்டக்டர்களுக்கும் தெரியும். பிரகதாம்பாளுக்கு வீடு வீடாகப் போய் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை. அவள் போகிற ஊர்களுக்குப் பஸ் கிடையாது. விலக்கு ரோட்டில் இறங்கி, சைக்கிளை விரித்து, மிதித்துத்தான் போக வேண்டும்.

அந்தச் சைக்கிளைக் கொண்டுவந்தவர் அவள் கணவர் அடைக்கலம். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒரு விடுமுறைக்கு வந்தபோது பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். "எம் பொண்டாட்டி வெயில்ல நடக்கக் கூடாதுல்ல" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

போன வருஷம் அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். மகள் காவ்யா கோயம்புத்தூரில் படிப்பதால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விடுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். இத்தனை காலம் தனியாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவளுக்கு அது சுகமாக இருந்தது.

தை மாதத்துக்குப் பிறகுதான் அவளுக்கு உடம்பு முடியாமல் போக ஆரம்பித்தது. கண்மாய்க்கரை ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. பிறகு சமதரையிலேயே தொடை கடுத்தது. ஒருநாள் அவளிடம் பிரஷர் பார்க்கக் கை நீட்டிய ராக்காயி, கையை இழுத்துக்கொண்டு, "மொதல்ல ஒனக்குப் பாரு தாயி. இப்புடி இரைக்குது" என்றாள்.

புதுக்கோட்டையில் டாக்டரிடம் அடைக்கலமே கூட்டிப்போனார். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். எல்லாம் முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் இல்லை, வயசு நாற்பத்தஞ்சு ஆகுது, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுங்கள் என்றார் டாக்டர்.

"ஒனக்கு ஒடம்பு தாங்கல பிரகா. விட்டுரு. நாந்தான் வந்துட்டேன்ல" என்று பஸ்ஸில் சொன்னார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். இந்த மாதத்தோடு நின்றுவிடுகிறேன் என்று மேலதிகாரியிடம் சொல்லியும் வைத்தாள்.

அந்த வாரமே விலக்கு ரோட்டைத் தாண்டியதும் பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. அங்கே பஞ்சர் கடை வைத்திருந்த ஜஸ்டின் டயரைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"மவுத்துகிட்டயே கிழிஞ்சிருச்சுக்கா. வேற டியூப்தான் போடணும். வீலையே கழட்டணும். இந்த மாடல நான் தொட்டதே இல்ல. ஏடாகூடமா ஆயிட்டா என்னையச் சொல்லக் கூடாது."

"ஸ்பேனரக் குடுப்பா. நானே கழட்டுறேன்."

போனில் ஒரு வீடியோவைத் தேடி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாள். பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டாள். அது கால் சுற்றுக்கூடப் போகாமல் நின்றது. டியூப் போனதால் அப்படி என்று நினைத்தாள். பிரேக் கம்பியின் நுனியிலிருந்த நட்டைக் கழற்றி விடுவித்தாள். பிரேக்கை ஃபிரேமோடு பிடித்திருந்த திருகை எடுத்தாள். இரண்டு பக்க ஆக்சில் நட்டையும் தளர்த்தி, சக்கரத்தை முன்னே தள்ளி, தொய்ந்த செயினைப் பல்லிலிருந்து இறக்கி, பின்பக்கமாக உருவினாள். ஜஸ்டின் புது டியூப்பை மாட்டிக் கொடுத்தான்.

திரும்ப மாட்டும்போதுதான் சிரமம். செயினைப் பல்லில் ஏற்றி, ஆக்சிலைப் பள்ளத்தில் உட்காரவைத்தால் சக்கரம் ஒருபக்கம் சாய்ந்தது. நடுவில் பிடித்துக்கொண்டு இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி முறுக்கினாள். கடைசியாகப் பிரேக் கம்பி. வீடியோவில் சொன்னபடி, சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிற அளவுக்கு நட்டைத் திருகி நிறுத்திவிட்டுச் சுற்றிவிட்டாள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அன்று கண்மாய்க்கரையில் அவள் இறங்காமல் ஏறினாள். மேலே போய் நின்று தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. பாவம், மனுஷன் தெரியாமல் பிரேக்கை இறுக்கி வைத்திருக்கிறார். சொன்னால் சங்கடப்படுவார் என்று வீட்டில் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மறுபடி தொடை கடுத்தது. வழியிலேயே இறங்கிப் பிரேக் நட்டைப் பார்த்தாள். இறுகியிருந்தது. தளர்த்திவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு அடுப்படி ஜன்னலில் நின்றாள். வாசலில் அடைக்கலம் சைக்கிளைத் துடைத்தார், செயினுக்கு எண்ணெய் விட்டார். பிறகு பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். அது நன்றாகச் சுற்றியது. நட்டைக் கொஞ்சம் முறுக்கினார். மறுபடி சுற்றினார். இன்னும் கொஞ்சம் முறுக்கினார். பிடித்தும் பிடிக்காமலும் சக்கரம் தயங்கி நின்றதும் திருப்தியாகத் துணியில் கையைத் துடைத்தார்.

அவள் வெளியே வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தீங்களே. அப்பவும் ஒங்களுக்குத் தெரியும்ல?"

அவர் நிமிரவில்லை. துணியை மடித்தார், பிரித்தார்.

"எவ்வளவோ வருஷம் தனியாக் கெடந்துட்டேன். வீட்டுக்கு வந்தா நீ இருக்கணும்னு நெனச்சேன். வேலைய விடுன்னா நீ விடுவியா?"

"ஒரு தடவ கேட்டுப் பாத்தீங்களா?"

அவர் எண்ணெய்க் குப்பியை எடுத்து மூடினார்.

"எனக்கு நெஞ்சுல என்னமோன்னு பயந்து செத்தேன். எம் பக்கத்துல உக்காந்துகிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"தப்புதான் பிரகா."

"இனிமே சைக்கிளத் தொடாதீங்க."

மறுநாள் மேலதிகாரிக்குப் போன் செய்து, நிற்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அடைக்கலம் இப்போது இலுப்பூரில் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போகிறார். சண்டை போட்டுக்கொள்வதில்லை. மகளிடம் எதையும் சொல்லவில்லை. அவருக்கும் அவள் பிரஷர் பார்க்கிறாள்.

காலையில் அவர் முன்னதாக எழுந்து டீ போட்டு அவள் பக்கத்தில் வைக்கிறார். அவள் டம்ளரை எடுத்து, ஒரு நொடி அதற்குள் பார்க்கிறாள். பிறகுதான் குடிக்கிறாள். அப்படிப் பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறாள், முடியவில்லை.